பூக்கட்டிப் பார்த்த பாடம்

அத்தியாயம் பதினொன்று

பத்து வயசுப் பிள்ளை ஆறாம் வகுப்பில் எந்த மொழியைப் படிப்பது என்பதற்கு ஒரு குடும்பம் வாரக்கணக்கில் சண்டை போடுமா? போடும். போடியில் ஏலக்காய்க் கடை ஈஸ்வரன் வீட்டில் போட்டது. பக்கத்து வீட்டுக்காரர்கள் டிவி சத்தத்தைக் குறைத்து வைத்துவிட்டுக் கேட்டார்கள்.

கதையைத் தொடர்ந்து வருகிறவர்கள் பொறுத்துக்கொள்ளுங்கள். இடையில் ஒரு வாரம் விட்டவர்களுக்காக நாலு வார்த்தை. ஈஸ்வரனுக்கும் ஜோதிக்கும் ஒரே மகள் சிவரஞ்சனி. மூன்றாம் வகுப்பிலேயே அவளைப் போடிமெட்டு மலைச்சரிவில் இருக்கும் விடுதிப் பள்ளியில் சேர்த்துவிட்டது ஈஸ்வரனின் அண்ணன் கோட்டைச்சாமி. "நம்ம வம்சத்துல ஒரு பிள்ளையாவது இங்கிலீசுல கனாக் காணட்டும்" என்று அவர் சொன்னார். ஜோதி அழுதாள். அழுதுகொண்டேதான் பெட்டியில் சட்டைகளை மடித்து வைத்தாள்.

இப்போது அந்தப் பள்ளி ஒரு கேள்வி கேட்டிருந்தது. ஆறாம் வகுப்பில் இரண்டாவது மொழியாகத் தமிழா, பிரெஞ்சா? பிரெஞ்சு என்றால் தமிழ் வாரத்துக்கு ஒரு பீரியடு, பேருக்கு. எடுத்தால் எடுத்ததுதான், எட்டாம் வகுப்பு முடிகிறவரை மாற்ற முடியாது. வீட்டில் கலந்து பேசச் சொல்லிப் பிள்ளைகளை லீவில் வேறு அனுப்பிவிட்டார்கள். சனிக்கிழமை மத்தியானத்துக்குள் பெற்றவர்கள் நேரில் வந்து கையெழுத்துப் போட்டாக வேண்டும்.

கோட்டைச்சாமிக்குப் பிரெஞ்சு. கனடாவில் இருக்கும் அவர் மகன் பிரதீப் போனில் சொல்லிவிட்டானாம்: பிரெஞ்சு தெரிந்தால் அங்கே சிவப்புக் கம்பளம் விரிப்பார்கள், மார்க்கையும் மூட்டையில் அள்ளலாம் என்று.

ஜோதிக்குத் தமிழ். விடுதிக்குப் போன புதிதில் ஞாயிற்றுக்கிழமை போனில் ரஞ்சனி மூச்சுவிடாமல் பேசுவாள். போகப்போக அது சுருங்கிச் சுருங்கி "ம்", "ஓகேம்மா", "வச்சிரவா" என்று ஆகிவிட்டது. தமிழும் போய்விட்டால் மகள் மொத்தமாகக் கையைவிட்டுப் போய்விடுவாள் என்று ஜோதி பயந்தாள்.

ஈஸ்வரன் கடைசியாக யார் பேசினார்களோ அவர்கள் பக்கம்.

"நீயும் ஒத்துக்க மாட்ட, நானும் விடமாட்டேன். குலசாமி சொல்லட்டும். பூக்கட்டிப் பாப்போம்" என்று கோட்டைச்சாமி தீர்ப்புச் சொன்னதில் போன வாரம் நின்றோம்.

சனிக்கிழமை விடிந்தது.

பூக்கட்டிப் பார்ப்பதற்கென்று ஒரு முறை இருக்கிறது. ஒரு பொட்டலத்தில் வெள்ளைப் பூ, இன்னொன்றில் சிவப்புப் பூ. இலையில் மடித்து நூல் சுற்றிச் சாமி காலடியில் போட்டு, ஒன்றும் தெரியாத குழந்தையை எடுக்கச் சொல்வார்கள். எடுத்தது சாமி வாக்கு. எடுக்காத பொட்டலத்தை யாரும் பிரிக்க மாட்டார்கள். பிரித்தால் சாமியையே சந்தேகப்பட்டதாகிவிடும்.

வெள்ளை வந்தால் தமிழ், சிவப்பு வந்தால் பிரெஞ்சு என்று பேச்சு. பெற்றவள்தான் கட்ட வேண்டும் என்பதால் வேலை ஜோதியின் கைக்கு வந்தது.

ஜோதி குளித்து முழுகி, பூஜை அலமாரி முன்னால் உட்கார்ந்து, பயபக்தியோடு ஒரு பொட்டலத்தில் வெள்ளை நந்தியாவட்டையை வைத்து மடித்தாள். அடுத்த பொட்டலத்திலும் பயபக்தியோடு நந்தியாவட்டையையே வைத்து மடித்தாள். செவ்வரளியைத் தட்டோடு அலமாரிக்கு அடியில் தள்ளிவிட்டாள்.

"ஏன் சாமி, உனக்குத் தமிழ்லதான பொங்க வைக்கிறோம், தமிழ்லதான வேண்டுறோம்? உனக்கு மட்டும் பிரெஞ்சு எதுக்கு?" என்று கன்னத்தில் போட்டுக்கொண்டாள். சாமிக்கு வேலையைச் சுலபமாக்கிக் கொடுத்ததாக ஒரு திருப்தியோடு சேலை மாற்றப் போனாள்.

போகிற வழியில் ரஞ்சனியின் போர்வையை உருவினாள். "எந்திரிடீ! வந்த நாள்லருந்து பொழுதுக்கும் தூக்கம். ஹாஸ்டல்ல இதத்தான் சொல்லித் தர்றாங்களா? கும்பகர்ணனுக்குத் தங்கச்சியாப் பெறந்தவளே!"

ரஞ்சனி எழுந்து உட்கார்ந்தாள்.

"ஆத்தா ஜோதி! நேரமாச்சு, வெரசா வா!" வாசலில் கோட்டைச்சாமியின் குரல் கேட்டது. மனுஷர் வெள்ளை வேட்டியும் சந்தனமுமாகச் சம்பந்தம் பேசப் போகிறவர் போல வந்திருந்தார்.

ஜீப்பில் பின்சீட்டில் ரஞ்சனி பூஜைக் கூடையை மடியில் வைத்துக்கொண்டு உட்கார்ந்தாள். மகளின் இரும்புப் பெட்டியும் ஏறியது. ராசிங்காபுரத்துக் கோயில் வாசலில் இறங்கியதும் கோட்டைச்சாமி, "கொண்டா தாயி, நான் தூக்குறேன்" என்று கூடையை வாங்கிக்கொண்டு முன்னால் நடந்தார். ஜோதி அதைப் பார்த்தாள். அப்போது பெரிதாகத் தோன்றவில்லை.

பூசாரி பொட்டலங்களைச் சாமி காலடியில் உருட்டிவிட்டுச் சூடம் காட்டினார். கும்பிட வந்த யாரோ ஒரு பெண்ணின் இடுப்பிலிருந்த குழந்தையை இறக்கி, "எடு கண்ணு" என்றார். அது இரண்டையும் பார்த்தது, மூக்கை உறிஞ்சியது, ஒன்றை எடுத்து வாயில் வைக்கப் போனது. பூசாரி பிடுங்கிப் பிரித்தார்.

சிவப்பு.

ஜோதி எட்டிப் பார்த்தாள். நந்தியாவட்டை எப்படி ஐயா சிவக்கும்?

"பாத்தியா! பாத்தியா ஆத்தா! சாமியே பிரெஞ்சுன்னுருச்சு!" கோட்டைச்சாமி நெடுஞ்சாண்கிடையாக விழுந்து எழுந்தார். "இதுக்கு மேல யாரும் வாயத் தொறக்கக் கூடாது."

ஜோதி வாயைத் திறந்தால் அல்லவா? எப்படித் திறப்பாள்? 'இதில் ஏதோ தில்லுமுல்லு நடந்திருக்கிறது' என்று கத்த வேண்டும் போல இருந்தது. உனக்கெப்படித் தெரியும் என்று கேட்டால், நான் இரண்டிலும் வெள்ளைதானே வைத்தேன் என்றா சொல்ல முடியும்? தேள் கொட்டிய திருடன் கதைதான்.

பூசாரி திருநீறு எடுக்கத் திரும்பிய நேரத்தில், எடுக்காத பொட்டலத்தை எடுத்து இடுப்பில் செருகிக்கொண்டாள். ஜீப் போடிக்குள் நுழையும்போது முந்தானைக்குள் வைத்து நகத்தால் இலையைக் கிழித்தாள்.

அதிலும் செவ்வரளி.

அடப்பாவி மனுஷா! ஜோதி முன்சீட்டில் இருந்த அந்தச் சந்தனக் கழுத்தை முறைத்தாள். கூடையைத் தூக்குகிறேன் என்று வாங்கினாரே, அது இதற்குத்தானா! ஊருக்கே பஞ்சாயத்துச் சொல்கிற ஆள், சாமி முன்னால் பூவை மாற்றுவாரா? தான் செய்ததும் அதே காரியம்தான் என்பது அவளுக்கு நினைவுக்கு வராமல் இல்லை. வந்தது, ஆனால் கோபத்தில் அதற்கு உட்கார இடம் கிடைக்கவில்லை.

அடிவாரத்து முந்தலைத் தாண்டி மலைப்பாதையில் ஏறி, ஒரு வளைவில் ஈஸ்வரன் வண்டியை ஓரங்கட்டினான். கோட்டைச்சாமி டீக்கடைக்குள் போனார். ஜோதி புருஷனின் சட்டையைப் பிடித்து இழுக்காத குறையாகத் தனியே கூட்டிக்கொண்டு போய், பொட்டலத்தை உள்ளங்கையில் விரித்துக் காட்டினாள்.

"என்னடீ இது?"

"எடுக்காம விட்ட பொட்டலம். இதுலயும் செகப்பு. உங்க அண்ணன் லட்சணத்தப் பாருங்க."

ஈஸ்வரனின் முகம் வெளிறியது. "நீ வெள்ளை வச்சியா, மறந்துட்டியா?"

"வச்சேன். சாமி சத்தியமா வெள்ளை வச்சேன்."

அதில் பொய் ஒன்றும் இல்லையே.

ஈஸ்வரன் டீக்கடைப் பக்கம் பார்த்தான். அப்பாவுக்கு அடுத்து அண்ணன் என்று இருந்தவன். அண்ணன் சொல்லித்தான் கடை வைத்தான், அண்ணன் சொல்லித்தான் தோட்டம் எடுத்தான், பெற்ற மகளை மலைக்கு அனுப்பினான். "சாமிகிட்டயுமா..." என்று மட்டும் முனகினான். வண்டியில் ஏறி, ரோட்டை மட்டும் பார்த்து ஓட்டினான். கோட்டைச்சாமிதான் பள்ளிக்கூடம் வருகிறவரை கனடாவின் பனியைப் பற்றிப் பேசிக்கொண்டு வந்தார்.

சின்ன வகுப்புகளுக்குப் பொறுப்பான அருணா டீச்சர் அன்று காலையிலிருந்து எத்தனை குடும்பங்களைப் பார்த்தாரோ, பாவம், கண்ணாடியைக் கழற்றிக் கண்ணைக் கசக்கியபடிதான் வரவேற்றார். ரஞ்சனியை வெளியே பெஞ்சில் உட்காரச் சொல்லிவிட்டு மூன்று பெரியவர்களும் உள்ளே போனார்கள். படிக்கப் போகிறவள் வெளியே, பஞ்சாயத்து உள்ளே.

"உக்காருங்க. முதல்லயே ஒரு விஷயம் சொல்லிடறேன். பிரெஞ்சு எடுக்கிற பிள்ளைங்களுக்கு வர்ற ஜூன்ல இருந்து..."

"பிரெஞ்சேதான் டீச்சர், எழுதிக்கங்க" என்றார் கோட்டைச்சாமி.

"தமிழ்" என்றாள் ஜோதி.

"ஏய், சாமி வாக்கு ஆத்தா! வெளையாடாத."

"சாமி என்ன சொல்லுச்சுன்னு சாமிக்குத் தெரியும். நான் சொல்றது தமிழ்."

"ரெண்டு பேரும் கொஞ்சம் கேளுங்க" என்றார் டீச்சர். "பிரெஞ்சு கிளாசைப் பொறுத்தவரைக்கும் ஒரு மாற்றம்..."

"பிரெஞ்சு கிளாசு எப்படி இருந்தா எங்களுக்கென்ன டீச்சர்?" ஜோதிக்குக் குரல் ஏறிவிட்டது. "எம்பிள்ள அதுல உக்காந்தாத்தான? நீங்க தமிழ்னு எழுதுங்க, நாங்க கையெழுத்துப் போட்டுட்டு எங்க சோலியப் பாத்துப் போறோம்."

"ஈஸ்வரா, உம் பொண்டாட்டிய என்னன்னு கேளு!"

ஈஸ்வரன் தலையைக் குனிந்துகொண்டிருந்தான். ஜோதி தன் கையிலிருந்த பொட்டலத்தை மேஜைமேல் வைத்தாள். செவ்வரளி வாடிச் சுருண்டிருந்தது.

"அண்ணே" என்றான் ஈஸ்வரன். "இது எடுக்காத பொட்டலம்."

கோட்டைச்சாமி குனிந்து பார்த்தார். பார்த்தது விளங்க அவருக்குக் கொஞ்ச நேரம் பிடித்தது.

"ரெண்டுலயும் செகப்பா?"

"கூடை உங்க கைலதான இருந்துச்சு. ஏண்ணே, எங்கிட்டச் சொல்லியிருந்தா நானே ஒத்துக்கிருப்பேனே. சாமி முன்னால போயி இப்படிச் செய்யலாமா?"

அருணா டீச்சர் கண்ணாடியை மாட்டிக்கொண்டு பூவையும் மனிதர்களையும் மாறிமாறிப் பார்த்தார். பாடம் தேர்ந்தெடுக்க வந்த இடத்தில் இவர்கள் என்னத்தைத் தேர்ந்தெடுக்கிறார்கள் என்று அவருக்குப் பிடிபடவில்லை.

கோட்டைச்சாமியின் மீசை துடித்தது. அவர் கத்துவார் என்று ஜோதி தயாராக இருந்தாள். அவர் கத்தவில்லை.

"நான் மாத்துனேன்னு நெனைக்கிறியாடா?" என்று தம்பியை மட்டும் கேட்டார். ஈஸ்வரன் முகத்தைத் திருப்பிக்கொண்டான். அவர் துண்டை உதறித் தோளில் போட்டுக்கொண்டு வெளியே போய்விட்டார். கேட்டுக்கு அந்தப் பக்கம் எஸ்டேட் ஜீப் ஒன்றைக் கை காட்டி நிறுத்தி, மூட்டைகளோடு மூட்டையாக ஏறிக் கீழே இறங்கிப் போனார்.

அந்த முகத்தைப் பார்த்தபோது ஜோதிக்கு என்னவோ உறுத்தியது. பொய் சொல்கிறவர் முகம் மாதிரி இல்லையே என்று ஒரு கணம் நினைத்தாள். நினைத்ததை அப்படியே அமுக்கிவிட்டாள்.

ஈஸ்வரன் தமிழுக்குக் கையெழுத்துப் போட்டான். டீச்சர் எதையோ சொல்ல வந்து, வேண்டாம் என்று விட்டுவிட்டார். அடுத்த குடும்பம் வாசலில் சண்டை போட்டுக்கொண்டே காத்திருந்தது.

விடுதிக்குப் போகும் பாதை ஏலச்செடிகளுக்கு நடுவே மேடாக ஏறுகிறது. ஈஸ்வரன் ஜீப்பிலேயே உட்கார்ந்துவிட்டான். ஜோதி பெட்டியைத் தூக்கிக்கொண்டு முன்னால் போக, ரஞ்சனி பின்னால் காலைத் தேய்த்துத் தேய்த்து வந்தாள்.

"காலத் தூக்கி வச்சு நட. தமிழ்தான், முடிஞ்சுபோச்சு" என்றாள் ஜோதி. ஜெயித்த சந்தோஷம் அவளுக்கு. "இனி ஒரு பயலும் உன்னப் பிரெஞ்சு படின்னு சொல்ல முடியாது."

திரும்பிப் பார்த்தால் பிள்ளை பாதை நடுவில் நின்றுகொண்டிருந்தது. கண்ணில் தண்ணீர் முட்டி நின்றது.

"என்னடீ? உனக்காகத்தான அந்தச் சண்டை போட்டேன்! பெரியப்பாவப் பகைச்சுக்கிட்டு, அப்பாவப் பகைக்க வச்சு..."

"பெரியப்பா மாத்தலம்மா."

"என்னது?"

"நாந்தான் மாத்துனேன். நீ சேலை மாத்தப் போனப்ப. நீ ரெண்டுலயும் வெள்ளைய வச்சத நான் படுத்துக்கிட்டே பாத்தேன். அடியில தள்ளிவிட்டீல்ல, அந்தத் தட்டுலருந்து எடுத்து ரெண்டுலயும் செகப்ப வச்சேன். பழையபடி நூலச் சுத்தி வச்சுட்டேன்."

ஜோதி பெட்டியைத் தரையில் வைத்தாள். இல்லாவிட்டால் காலில் போட்டிருப்பாள்.

"அடியே... உனக்கெதுக்குடீ பிரெஞ்சு? கனடாவுக்குப் போகப் போறியா?"

"பிரெஞ்சு டீச்சர் மலைக்கு வர மாட்டேன்னுட்டாங்களாம். ஜூன்லருந்து பிரெஞ்சு எடுத்தவங்கள்லாம் போடில இருக்குற நம்ம ஸ்கூல் பிராஞ்சுக்குப் போகணும். அங்க ஹாஸ்டல் கெடையாது." ரஞ்சனி புறங்கையால் மூக்கைத் துடைத்தாள். "வீட்லருந்துதாம்மா போகணும்."

ஜோதிக்கு அப்போதுதான் உறைத்தது. 'பிரெஞ்சு எடுக்கிற பிள்ளைங்களுக்கு வர்ற ஜூன்ல இருந்து' என்று அந்த டீச்சர் சொல்ல வந்தாரே. இரண்டு தரம் வந்தாரே. வாயை மூடிக்கொண்டு கேட்டோமா?

"இத ஏன்டீ எங்கிட்டச் சொல்லல? ஒரு வார்த்தை! ஒரே ஒரு வார்த்தை சொல்லியிருந்தா..."

"சொன்னா நீ அப்பாட்டச் சொல்லுவ, அப்பா பெரியப்பாட்டச் சொல்லுவாரு. வீட்டுக்கு வர்றதுக்குத்தான்னு தெரிஞ்சா பெரியப்பா பிரெஞ்சே வேணாம்னுருவாருல்ல. அவரு பிரெஞ்சக் கேட்டாத்தான நடக்கும்? உன் வாயில நிக்காதும்மா."

பத்து வயசுப் பிள்ளை குடும்பத்தில் ஒவ்வொருவரையும் எடைபோட்டு வைத்திருந்தது. ஒன்றில்கூடத் தப்பில்லை. ஜோதிக்கு மகளை அடிப்பதா, கட்டிக்கொள்வதா என்று தெரியவில்லை. கட்டிக்கொண்டாள்.

"அங்க என்னடா உனக்கு? யாராச்சும் அடிக்கிறாங்களா? சோறு சரியில்லையா?"

"அதெல்லாம் இல்ல. எல்லாரும் நல்லவங்கதான்." ரஞ்சனி அவள் தோளில் முகத்தைப் புதைத்தாள். "எனக்கு அங்க தூக்கம் வர மாட்டேங்குதும்மா. போன்ல சொல்லலாம்னா வார்டன் பக்கத்துலயே நிக்கிறாங்க."

அதற்குத்தான் அந்த 'ம்'. அதற்குத்தான் அந்த 'ஓகேம்மா'. இவளானால் பிள்ளைக்குத் தமிழ் மறந்துபோகிறது என்று ஊரைக் கூட்டிக்கொண்டு திரிந்தாள். காலையில் போர்வையை உருவிக் கும்பகர்ணன் தங்கச்சி என்று வைததும் சேர்த்து நினைவுக்கு வந்தது. தன் தலையில் தானே அடித்துக்கொண்டாள்.

போன் அடித்தது. கோட்டைச்சாமி.

"ஆத்தா, நான் முந்தல்ல எறங்கிட்டேன்." குரல் கரகரத்தது. "நேரா கோயிலுக்குத்தான் போறேன். சூடம் வாங்கியாச்சு. நான் பூவ மாத்தலைன்னு கொளுத்தி அணைச்சுச் சத்தியம் பண்ணப் போறேன். கட்டுன கை உங்கை. நீயும் உம் புருசனும் வாங்க. ஒரு வெள்ளை, ஒரு செகப்பு, ஒழுங்காத்தான் கட்டுனேன்னு நீயும் அதே சூடத்துல அடிச்சுச் சொல்லு. பெறகு யாரு களவாணின்னு பாப்போம்."

அம்மாவின் காதோடு காதை வைத்துக் கேட்டுக்கொண்டிருந்த ரஞ்சனி, "வேணாம்மா, நான் செஞ்சதச் சொல்லிராத" என்று கிசுகிசுத்தாள். "சொன்னா ஏன்னு கேப்பாரு."

"கேக்கட்டும்" என்றாள் ஜோதி மகளிடம். பிறகு போனில், "வர்றேன் அத்தான். நாங்க வர்றவரைக்கும் சூடத்தக் கொளுத்திராதீங்க" என்றாள்.

மேலே விடுதியில் மணி அடித்தது. பிள்ளைகள் வரிசையில் நிற்க ஓடினார்கள். ரஞ்சனி வழக்கம் போலப் பெட்டியைத் தூக்கக் குனிந்தாள். ஜோதி அவள் கையைத் தட்டிவிட்டு, தானே பெட்டியைத் தூக்கிக்கொண்டு வந்த வழியே இறங்கினாள்.

ஜீப்பில் ஈஸ்வரன் பதறிப்போனான். "பெட்டிய எதுக்குத் திரும்பக் கொண்டார? இன்னிக்குள்ள பிள்ளைய உள்ள விடணும்டீ!"

"அப்புறம் விடலாம், விடாமயும் இருக்கலாம். மொதல்ல வண்டிய எடுங்க. கோயிலுக்குப் போகணும்."

"கோயிலுக்கா? இப்பத்தான வந்தோம்!"

"உங்க அண்ணன் கூப்புடுறாரு. சாமிகிட்ட நான் ஒண்ணு சொல்ல வேண்டியிருக்கு. உங்க ரெண்டு பேருகிட்டயும்தான்."

"என்னத்தச் சொல்லப் போற?"

"அங்க வந்து சொல்றேன். இப்பச் சொன்னா வண்டியக் கொண்டுபோயி ஓடையில விட்டுருவீங்க."

ஈஸ்வரன் அவளையும் பெட்டியையும் பார்த்துவிட்டுச் சாவியைத் திருகினான். பின்சீட்டில் ரஞ்சனி அம்மாவின் மடியில் தலையை வைத்துக் காலை மடக்கிக்கொண்டாள். முதல் வளைவு திரும்புவதற்குள் தூங்கிவிட்டாள்.